கலைத்துப் போட்டாலும் முகம் தெரிகிறது: ஸிஸிவாவுடன் இரண்டு வருடம்

இரண்டு வருடத்துக்கு முன் சென்னையில் நடந்த ஒரு பள்ளி மாணவர் ஸ்கிராபிள் போட்டியில் (ஆங்கில எழுத்து டைல்களை போர்டில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஆட்டம்) என் மகள் ‘எஸ்டோனியா’ என்று வைத்தாள். டைல்களை நிறுத்தி வைக்கும் ரேக்கில் இருந்த ஏழும் ஒரே தடவையில் இறங்கின. ஏழையும் ஒரே முறையில் வைத்தால் கூடுதலாக 50 புள்ளி. எதிரில் இருந்த பையன் சேலஞ்ச் சொன்னான். நடுவர் சரிபார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். ஏழு டைலும் திரும்ப ரேக்குக்கு வந்தன. அந்த முறைக்கு அவளுக்குப் பூஜ்யம். ஆட்டத்தில் 31 புள்ளியில் தோற்றாள்.

அது ஒரு நாட்டின் பெயர் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஸ்கிராபிளில் ‘ஜப்பான்’ செல்லும், மெருகுப் பூச்சு என்ற பொருளில். ‘சைனா’ செல்லும், பீங்கான் என்ற பொருளில். ‘எஸ்டோனியா’வுக்கும் அப்படி ஏதோ ஒரு பொருள் இருக்கும் என்று நம்பிவிட்டாள். ஏனென்றால் அப்போது நாங்கள் போனில் வைத்திருந்த ஓர் எழுத்துக் கலைப்பு ஆப், அந்த ஏழு எழுத்துகளைப் போட்டதும் முதல் விடையாக அதைத்தான் காட்டியிருந்தது. மாதச் சந்தா கட்டி வாங்கிய ஆப். அதன் சொல் பட்டியல் எந்த அகராதியிலிருந்து வந்தது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அதைப் பார்க்கத் தோன்றாதது என் தவறுதான். பணம் கட்டியது நான்.

திருச்சிக்குத் திரும்பிய ரயிலில் அவள் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். “அப்போ அந்த ஏழு எழுத்துல என்ன வார்த்தைம்மா இருந்துச்சு?” எனக்குத் தெரியவில்லை. இந்த விமர்சனத்தை எழுதுவதற்குக் காரணமே அந்தக் கேள்வி.

விடை ‘அடோனீஸ்’. தசை தொய்ந்துபோகும் நிலையைச் சொல்லும் ‘அடோனி’ என்ற சொல்லின் பன்மை. அதை எனக்குச் சொன்னது ஸிஸிவா.

ஸிஸிவா என்பது கணினியில் நிறுவிக்கொள்ளும் ஒரு மென்பொருள். மைக்கேல் தெலன் என்ற நிரலாளர் எழுதியது. பெயர் ஒரு வண்டினுடையது: அமெரிக்க வெப்ப மண்டலத்தில் வாழும் கூன்வண்டு இனம் ஒன்று. பல ஆங்கில அகராதிகளில் கடைசிச் சொல்லாக நிற்பதால் சொல் விளையாட்டுக்காரர்களுக்கு அதன்மேல் ஒரு பிரியம். அந்தச் சொல்லில் மூன்று இசட் இருக்கிறது. ஸ்கிராபிள் பையில் இருப்பதோ ஒரே ஓர் இசட். ஆகவே எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய இரண்டு வெற்று டைல்களையும் இசட்டாக வைத்துக்கொண்டால்தான் அதை போர்டில் எழுத முடியும். இரண்டு ஒய்யும் நம் கையில் இருக்க வேண்டும். இரண்டு வி-யில் ஒன்று, ஒன்பது ஏ-யில் ஒன்று. அதாவது 100 டைல்களிலிருந்து ஏழை எடுக்கும் 1,600 கோடிச் சொச்சம் வழிகளில், வெறும் 18 வழிகளில்தான் அந்தச் சொல் முழுசாகக் கைக்கு வரும்.

இந்தக் கணக்கை நான் சும்மா சொல்லவில்லை. ஸிஸிவாவின் உயிரே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

காலின்ஸ் சொல் பட்டியலின் 2019 பதிப்பில் 2,79,496 சொற்கள் இருந்தன. இந்தியாவில் போட்டிகள் காலின்ஸ் பட்டியலை வைத்துத்தான் நடக்கின்றன. இவ்வளவையும் யார் படிப்பது? எங்கிருந்து தொடங்குவது? அகராதியின் முதல் பக்கத்தில் தொடங்கினால் ஆட்டத்தில் ஒருபோதும் கைக்கு வராத சொற்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஸிஸிவா சொற்களை, கைக்கு வரும் வாய்ப்பின்படி வரிசைப்படுத்தித் தருகிறது. பையில் இ 12, ஏ 9, ஐ 9, ஓ 8, என், ஆர், டேபிளின் டி மூன்றும் தலா 6. இந்த ஏழு எழுத்தும் சேர்ந்தால் ‘ஒட்டரீன்’ என்ற சொல் கிடைக்கும்; காதுள்ள சீல் விலங்குகளைச் சார்ந்தது என்று பொருள். 12, 9, 9, 8, 6, 6, 6 ஆகியவற்றைப் பெருக்கிப் பார்த்தேன்: 16,79,616. வெற்று டைல்களைச் சேர்க்காமலேயே இத்தனை வழிகள். ஏறத்தாழ 9,500 ரேக்குக்கு ஒரு தடவை இந்த ஏழும் ஒன்றாக வந்து உட்காரும். அங்கே 18, இங்கே பதினாறே முக்கால் லட்சம். ஒட்டரீனை என் வாழ்நாளில் பேச்சில் பயன்படுத்தப் போவதில்லை. ஆனால் படிக்க வேண்டிய வரிசையில் அது மேலே வருவதற்கான காரணம் இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

1930களில் வேலையிழந்து இருந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், நாளிதழ்ப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணித்தான் இந்த டைல் கணக்கைப் போட்டார். எஸ் மட்டும் நான்குதான் வைத்தார். அதிகம் வைத்தால் பன்மை போட்டே ஆட்டத்தை ஓட்டிவிடுவார்கள். அவர் எண்ணி வைத்ததைத்தான் இந்த மென்பொருள் திருப்பி எண்ணிக் காட்டுகிறது. நான் கணக்குப் பிரிவில் 22 வருடம் வேலை செய்பவள். எண்ணிக்கையை இவ்வளவு மரியாதையாக நடத்தும் ஒரு மென்பொருளைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது.

சரி, எழுத்துக் கலைப்புக்கு வருவோம். தேடல் பகுதியில் எழுத்துகளைத் தட்டினால், அவற்றை மாற்றி அடுக்கிக் கிடைக்கும் எல்லாச் சொற்களும் வரும். இதை எந்த ஆப்பும் செய்யும். ஆனால் இங்கே ஒரு கேள்விக்குறி போட்டால் அது ‘ஏதாவது ஓர் எழுத்து’ என்று பொருள். ‘டிசேன்’ என்று ஒரு சொல், மூலிகைத் தேநீர் என்று அர்த்தம். அந்த ஆறு எழுத்தோடு ஒரு கேள்விக்குறியைச் சேர்த்துத் தேடிய அன்று இரவு நான் தூங்கவில்லை. வி சேர்ந்தால் ‘நேட்டிவ்ஸ்’. யு சேர்ந்தால் ‘ஆன்ட்டீஸ்’, நம் ஊர் ஆன்ட்டிகளேதான். எல் சேர்ந்தால் ‘சேலியன்ட்’. இசட் சேர்ந்தால் ‘ஜேனியஸ்ட்’. ஆர் சேர்ந்தால் பத்துக்கு மேல்: ‘ரீடெயின்ஸ்’, ‘ரெடினாஸ்’, ‘நாஸ்டியர்’, ‘ஸ்டெயினர்’, கிரேக்க ஒயினான ‘ரெட்சினா’, கொழுப்பிலிருந்து எடுக்கும் ‘ஸ்டியரின்’. ஓ சேர்ந்தால்தான் எங்களை அழ வைத்த ‘அடோனீஸ்’. ஆறு எழுத்தைக் கையில் சேர்த்து வைத்துக்கொண்டால், ஏழாவதாக எது வந்தாலும் பெரும்பாலும் ஒரு சொல் காத்துக்கொண்டிருக்கிறது. இந்த ஆறெழுத்தை ஆட்டக்காரர்கள் ஸ்டெம் என்பார்கள். செடியின் தண்டு போல, எங்கிருந்தும் துளிர்க்கும்.

அதிகப் புள்ளி என்றதும் கியூ, இசட், எக்ஸ், ஜே பக்கம்தான் எல்லோருடைய கண்ணும் போகும். என் கண்ணும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. தில்லைநகரில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறு மாலைகளில் நாலு போர்டு போட்டு ஆடுவோம். போன வருடம் அங்கே ஓர் ஆட்டத்தில் நான் கியூவையும் இசட்டையும் கையில் வைத்துக்கொண்டு நல்ல இடம் தேடித் தேடி மூன்று முறை சின்னச் சொற்களாகவே வைத்தேன். எதிரே என் மகள், ஒவ்வொன்றும் ஒரு புள்ளி மட்டுமே பெறும் ஏழு எழுத்துகளில் ‘ஸ்டியரின்’ வைத்தாள், சொல்லின் புள்ளியை மும்மடங்காக்கும் சிவப்புக் கட்டத்தின்மேல். ஏழு மூன்று 21, போனஸ் 50, அந்தச் சொல்லுக்கு மட்டும் 71. நான் மூன்று முறையில் சேர்த்ததை விட அதிகம்.

ஆனால் பெரிய எழுத்துகளும் இந்தத் தண்டு வித்தையும் ஒன்றுசேரும் நாட்கள் உண்டு. 1982இல் மான்செஸ்டரில் கார்ல் கோஷ்நா என்ற ஆட்டக்காரர் ‘கசீக்ஸ்’ என்ற எட்டெழுத்துச் சொல்லை வைத்து ஒரே முறையில் 392 புள்ளி எடுத்தார். அமெரிக்கப் பழங்குடித் தலைவர்களைக் குறிக்கும் சொல் அது. எப்படி 392 என்று போட்டுப் பார்த்தால் ஆசையாக இருக்கும். சி 3, இசட் 10, கியூ 10, மற்ற ஐந்தும் தலா ஒன்று: மொத்தம் 28. போர்டின் ஓரத்தில் முதல், எட்டாவது, பதினைந்தாவது கட்டங்கள் சிவப்பு. எட்டிலிருந்து பதினைந்து வரை நீளும் சொல் இரண்டு சிவப்பைத் தொடும். மூன்று மூன்று ஒன்பது மடங்கு. இடையில் பன்னிரண்டாவது கட்டம் எழுத்தை இரட்டிக்கும் இளநீலம். சொல்லின் ஐந்தாம் எழுத்தான கியூ அதன்மேல் வந்தால் 28 என்பது 38 ஆகும். 38ஐ ஒன்பதால் பெருக்கினால் 342. போனஸ் 50. ஆக 392. 2006இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் மைக்கேல் கிரெஸ்டா ‘குவிக்ஸாட்ரி’ வைத்து 365 எடுத்ததும் இதே கணக்குதான். அங்கே எக்ஸ் இரட்டிப்பில் விழுந்தது. அந்த ஆட்டத்தில் அவருடைய மொத்தம் 830.

இப்படி வியக்க வைக்கும் தேடலைத் தாண்டி, ஸிஸிவாவில் நான் முழு மனசோடு பரிந்துரைப்பது வினாடி வினாப் பகுதியை. அதில் விடை கண்ணில் படாது. எழுத்துகள் மட்டும் டைல் போல, ஆங்கில அகரவரிசையில் அடுக்கி வரும். நாம்தான் சொற்களைத் தட்ட வேண்டும். ஒரே அடுக்கில் எத்தனை சொல் இருக்கிறதோ அத்தனையையும் சொன்னால்தான் விடை முழுமை. பத்தில் எட்டு சொன்னாலும் மீதி இரண்டும் நம்முடைய கடனாக நிற்கும்.

அந்த அகரவரிசை அடுக்கின் பயன் எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது. என் மகள் ஆட்டத்தில் ரேக்கை எப்போதும் அகரவரிசையிலேயே வைப்பாள். நான் கேட்டதற்கு, “அப்பதாம்மா அதோட முகம் தெரியும்” என்றாள். ஒருவரைத் தெருவில் பார்த்ததும் மூக்கு, கண், காது என்று தனித்தனியாகப் பார்த்தா அடையாளம் காண்கிறோம்? முகமாகத்தானே. ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி என்ற வரிசை அவளுக்கு அப்படி ஒரு முகம். கலைத்துப் பார்க்க நேரம் எடுப்பதே இல்லை. எதிராளி டைல் எடுக்கப் பைக்குள் கை விடும் நேரத்தில் அவளுக்குச் சொல் வந்துவிடுகிறது.

அந்த முகம் மனதில் தங்க வைப்பது கார்டுபாக்ஸ் என்ற ஏற்பாடு. 1972 வாக்கில் ஜெர்மனியைச் சேர்ந்த செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய அட்டைப்பெட்டி முறைதான் இது. ஓர் அடுக்கைச் சரியாகச் சொன்னால் அது அடுத்த பெட்டிக்கு நகரும். மறுபடி கேட்கும் நாள் தள்ளிப்போகும். தவறினால் தொடக்கப் பெட்டிக்கே திரும்பி வரும், சீக்கிரமே மறுபடி கேட்கும். எதை மறந்துகொண்டிருக்கிறோமோ அதையே தேடிப் பிடித்துக் கேட்கும் பொறுமையான ஆசிரியை மாதிரி. பெரிய பள்ளிகளில் பயிற்சியாளர் வைத்துச் சொல்லித் தருகிறார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையைப் பழைய லேப்டாப் ஒன்று காலை ஆறரை மணிக்குச் செய்கிறது. காபி ஆறுவதற்குள் நாற்பது கேள்வி.

நினைவில் வைக்க நாங்கள் தமிழில் வாக்கியம் கட்டிக்கொள்கிறோம். இது மென்பொருள் தருவது அல்ல, நாங்களாகச் சேர்த்துக்கொண்டது. டிசேனோடு ஜி சேர்ந்தால் பெரிய பட்டியல் வரும். அதில் ‘ஈஸ்டிங்’, ‘சீட்டிங்’, ‘ஈட்டிங்ஸ்’, ‘டீசிங்’ நான்கையும் சேர்த்து “கிழக்கே பார்த்து உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லிக் கேலி செய்தார்கள்” என்றாள் மகள். எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியை நினைத்துச் சொன்னது. டாக் என்ற சொல்லின் டி சேர்ந்தால் ‘ஸ்டெயின்ட்’, ‘டீடெயின்ஸ்’, ‘இன்ஸ்டெட்’, ‘செயின்டட்’. அதற்கு “கறைபட்டவரைப் பிடித்து வைப்பதற்குப் பதிலாகப் புனிதராக்கினார்கள்.” ஆங்கிலச் சொல்லை நினைவில் நிறுத்தத் தமிழ் வாக்கியம் இவ்வளவு உதவும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அர்த்தம் தெரிய வேண்டுமா என்பதில் எங்களுக்குள் ஒரு தீராத வழக்கு. நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் வாழும் நைஜல் ரிச்சர்ட்ஸ், ஐந்து முறை ஆங்கில உலகப் பட்டம் வென்றவர். 2015இல் பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே சொற்களை மனப்பாடம் செய்து பிரெஞ்சு உலகப் பட்டத்தையும் வென்றார். மகள் எப்போதும் அவரைக் காட்டி, “அர்த்தமே வேண்டாம்மா” என்பாள். எனக்கு அர்த்தம் இல்லாமல் ஒரு சொல்லும் தங்காது. ஸிஸிவாவில் பொருள் இருக்கிறது. ஆனால் ஒரே வரி, அதுவும் பல இடங்களில் ‘இந்தச் சொல்லின் பன்மை’ என்பதோடு நின்றுவிடும். இது எனக்கு உண்மையான குறை. பக்கத்தில் ஓர் அகராதி வைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன்.

அப்படிப் பொருள் தேடிப் போனபோதுதான் நம் சொற்களைப் பார்த்தேன். காவிரிக்கரையில் இருக்கும் எங்களுக்குக் கல்லணை பஸ் ஏறினால் போய்விடும் தூரம். ஆங்கிலேயர்கள் அதை ‘கிராண்ட் அனிகட்’ என்றார்கள். அந்த ‘அனிகட்’, நம் அணைக்கட்டுதான், காலின்ஸ் பட்டியலில் இருக்கிறது. ‘கட்டமரன்’ இருக்கிறது, ‘மிருதங்கம்’ இருக்கிறது, ‘இட்லி’ இருக்கிறது. ‘வெட்டிவர்’ ஏழெழுத்து, வி 4 புள்ளி என்பதால் சொல்லுக்கு 13, போனஸோடு 63. ஆனால் பையில் இருக்கும் இரண்டு வி-யும் வேண்டும் அதற்கு. தேக்கிலிருந்து போன ‘டீக்’கைக் கலைத்தால் ‘டேக்’. மாங்காயிலிருந்து போன ‘மேங்கோ’வைக் கலைத்தால் ‘அமங்’, இன்னொன்று ‘ங்கோமா’ என்ற ஆப்பிரிக்க முரசு. ‘தோசை’யைக் கலைத்தால் ஸ்பானிய மொழியில் விடைபெறும் சொல்லான ‘அதியோஸ்’. இதைக் கண்டுபிடித்த அன்று நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து மகளை எழுப்பிச் சொன்னேன்.

இந்தத் தோசையை வைத்தே இன்னொரு வசதியையும் சொல்லிவிடலாம். தேடலில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் எந்த எழுத்து ஒட்டும், பின்னால் எந்த எழுத்து ஒட்டும் என்று இருபுறமும் காட்டுகிறது. ஹூக் என்பார்கள். ‘தோசா’ என்ற சொல்லுக்குப் பின்னால் எஸ் ஒட்டும் என்பது யாருக்கும் தெரியும். ஐ ஒட்டினால் ‘தோசை’ ஆகும் என்பது பலருக்குத் தெரியாது. போர்டில் யாராவது ‘தோசா’ வைத்தால் அதன் கடைசியில் ஓர் ஐ-யைத் தொங்கவிட்டு, அந்த ஐ வழியாகவே செங்குத்தாக ஏழெழுத்தை இறக்கலாம். ஏழெழுத்துச் சொல் தெரிந்தும் வைக்க இடமில்லாமல் தவிப்பவர்களுக்கு இந்த இருபுற எழுத்துகள்தான் வாசல். காலின்ஸ் பட்டியலில் இருக்கும் 127 ஈரெழுத்துச் சொற்களை முதலில் படிக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

சச்சரவு தீர்க்க வேர்டு ஜட்ஜ் என்று ஒரு பகுதி இருக்கிறது. திரை முழுக்க விரியும். ஆட்டக்காரர் இருவரும் எழுந்து போய், சந்தேகப்பட்ட சொற்களைத் தட்டினால், ஆட்டம் செல்லும் அல்லது செல்லாது என்று ஒரே பதில். மூன்று சொல்லைத் தட்டி அதில் ஒன்று தவறு என்றால், எது தவறு என்று சொல்லாது. முதலில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. பிறகு புரிந்தது: எது தவறு என்று சொன்னால் மற்ற இரண்டும் சரி என்ற செய்தியை எதிராளிக்கு இலவசமாகக் கொடுத்தது போல் ஆகிவிடும். ஆட்டத்தை உள்ளிருந்து அறிந்தவர்கள் செய்த மென்பொருள் என்பது இந்த மாதிரி இடங்களில்தான் தெரியும். எங்கள் மாடியில் இப்போது வாக்குவாதமே இல்லை.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் படிப்பவர்களுக்கு நான் நியாயம் செய்தவள் ஆகமாட்டேன். முதல் நாள் திறந்ததும் பயமாக இருக்கும். பழைய காலத்து அலுவலக மென்பொருள் மாதிரி பெட்டிகளும் கீழிறங்கும் பட்டியல்களும்தான். எங்கே தொடங்குவது என்று கைபிடித்துச் சொல்ல எதுவும் இல்லை. வினா வகையே பல: எழுத்துக் கலைப்பு, ஹூக், சொற்பட்டியல் நினைவு என்று போகும். நான் ஒரு வாரம் தப்பான வகையில் உட்கார்ந்து, ஏன் கார்டுபாக்ஸில் எதுவும் ஏறவில்லை என்று குழம்பினேன். வினாவின் முறை என்ற இடத்தில் கார்டுபாக்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் பதில்கள் எதுவும் பெட்டியில் சேராது. இன்னொன்று: கணினி பழுதானால் அந்தப் பெட்டிகளின் கோப்பும் போய்விடும். எங்கள் லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் ஒருமுறை போனபோது நாலு மாத உழைப்பு போனது. இப்போது மாதம் ஒருமுறை பென் டிரைவில் பிரதி எடுக்கிறேன்.

இதைவிட முக்கியமான எல்லை ஒன்று இருக்கிறது. ஸிஸிவாவுக்கு போர்டு தெரியாது. எந்தச் சொல் உண்டு என்று சொல்லும். எங்கே வைக்கலாம், எதை வைக்காமல் கையில் நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லாது. அதற்குக் குவாக்கிள் என்ற இன்னொரு மென்பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தை அதில் பதிந்தால் ஒவ்வொரு முறைக்கும் சிறந்த ஆட்டம் எது என்று காட்டும். 2006இல் டொரோண்டோவில் முன்னாள் உலகச் சாம்பியன் டேவிட் பாய்ஸை வென்ற மென்பொருள் அது. 30 புள்ளிச் சொல்லை விட்டுவிட்டு, எஸ்ஸையும் வெற்று டைலையும் கையில் நிறுத்தி 22 புள்ளிச் சொல்லை வைக்கச் சொல்லும். முதலில் மனசு ஒப்பவில்லை. அடுத்த முறையே ஏழும் இறங்குவதைப் பார்த்த பிறகு ஒப்பியது. எழுத்துக் கலைப்பு தெரிந்தவருக்குத்தான் அந்த அறிவுரையும் பயன்படும் என்பதால், முதலில் ஸிஸிவா, அப்புறம்தான் குவாக்கிள்.

விலையைப் பற்றி. கணினிப் பதிப்பை நான் காசு கொடுக்காமல்தான் இறக்கிக்கொண்டேன். எட்டு வருடப் பழைய லேப்டாப்பில் தடையில்லாமல் ஓடுகிறது. இணையம் இல்லாமலும் ஓடுகிறது. மின்வெட்டு நேரத்திலும் பேட்டரியில் பத்து நிமிடம் ஆடுவோம். விளம்பரம் ஒன்றுகூட இல்லை. பழைய ஆப்பில் ஒவ்வொரு தேடலுக்கும் நடுவே நகைக்கடனோ ரம்மியோ வந்து நிற்கும். குழந்தை கையில் கொடுக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

புதிதாக நிறுவுபவர்கள் முதலில் உங்கள் போட்டியில் எந்தச் சொல் பட்டியல் செல்லும் என்று கேட்டு, அதையே தேர்ந்தெடுங்கள். வட அமெரிக்கப் பட்டியல் வேறு, காலின்ஸ் வேறு. பிறகு ஏழெழுத்துச் சொற்களில் வாய்ப்பு வரிசையின் முதல் 100 மட்டும் எடுத்து கார்டுபாக்ஸில் போடுங்கள். ஆசையில் ஆயிரம் போட வேண்டாம். ஒரு நாள் விட்டாலும் மலைபோல் குவிந்து நிற்கும், குழந்தைகள் சோர்ந்துவிடுவார்கள். என் மகள் ஒரு கோடை விடுமுறை முழுக்க முதல் 500ஐ முடித்தாள். நான் 200இல் இருக்கிறேன். தினம் இருபது நிமிடம் போதும்.

போன மாதம் அதே போட்டிக்கு மறுபடி போயிருந்தோம். மூன்றாவது சுற்றில் அவள் ரேக்கில் ஏ, இ, ஐ, என், ஓ, எஸ், டி என்ற ‘எஸ்டோனியா’வின் ஏழு எழுத்தும் வரவில்லை. அப்படி வந்திருந்தால் கதையாகத்தான் இருந்திருக்கும். வந்தது வி-யும் டிசேனும். போர்டில் முன்பே இருந்த ஒரு சொல்லின் கடைசியில் எஸ் ஒட்டும்படி ‘நேட்டிவ்ஸ்’ வைத்தாள். எதிராளி நீண்ட நேரம் பார்த்தார், சேலஞ்ச் சொல்லவில்லை. மாலையில் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். அன்றைக்குக் கேட்க வேண்டியவை 64 அடுக்குகள் பாக்கி இருந்தன. விழுப்புரம் தாண்டுவதற்குள் 50 முடித்தோம், ஒன்று விட்டு ஒன்று, அவளும் நானும்.